பல விலங்குகளுக்கும் பொதுவான உடற்கூறு ஆன்டாலஜி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரகம் என்றால் சிறுநீரகம்தானே? அதற்கு எண்ணும் தனி ஏற்பாடும் எதற்கு?

ஏதேனும் ஓர் ஆய்வுக்கூடத்தின் மாதிரிப் பட்டியலைத் திறந்து, "திசு" என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றை வரிசையாகப் படித்துப் பாருங்கள். முதல் வரியில் "சிறுநீரகம்" என்றிருக்கும்; மூன்றாம் வரியில் "கிட்னி"; அதற்குக் கீழே "வ. கிட்னி", இன்னும் கீழே "கிட்னி2". அந்த "வ." வலது என்பதன் சுருக்கமா, வளர்ந்தது என்பதன் சுருக்கமா என்பதும், "2" என்பது இரண்டாவது மாதிரியா, இரண்டாவது சிறுநீரகமா என்பதும் எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அவர் வேறு ஊருக்கு மாறிப்போய் ஐந்து ஆண்டுகள் ஆனபின் அந்தத் தரவை எடுப்பவருக்கு ஊகிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இது எழுத்துப் பழக்கத்தால் வரும் தொல்லை. கொஞ்சம் ஒழுங்கு இருந்தால் தீர்ந்துவிடும். இதைவிட ஆழமான தொல்லை ஒன்று உண்டு. சுண்டெலியை ஆய்பவருக்கு இரத்த அணுக்கள் உருவாகும் இடம் எலும்பு மஜ்ஜை. ஜீப்ரா மீனை ஆய்பவருக்கோ, வளர்ந்த மீனில் அந்த வேலை நடப்பது சிறுநீரகத்தில். ஆகவே இருவரும் "சிறுநீரகம்" என்று பிழையின்றி எழுதியிருந்தாலும், ஒன்றில் இரத்தக் குருத்தணுக்கள் நிறைந்திருப்பதும் மற்றொன்றில் இல்லாதிருப்பதும் முரண்பாடு அல்ல என்பதைத் தரவைச் சேர்க்கும் கணினி தானாக அறியாது. எந்த விலங்கின் எந்த உறுப்பு, அது எதன் வகை, எதன் பகுதி, எதிலிருந்து வளர்ந்தது என்பவற்றைக் கணினி கையாளக்கூடிய வடிவில் எழுதிவைப்பதற்கே ஆன்டாலஜி என்னும் இந்த ஏற்பாடு.

அப்படியானால் ஆன்டாலஜி என்பது ஒரு கலைச்சொல் அகராதிதானா?

அகராதி அதன் ஒரு பாதி. ஒவ்வொரு கருத்துருவுக்கும் ஓர் அடையாள எண், ஒரு முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர்கள், ஒரு வரையறை ஆகியவை இருக்கும். பல விலங்குகளுக்கும் பொதுவானதாக இன்று பரவலாகப் பயன்படும் யூபெரான் என்னும் ஆன்டாலஜியில் மூளைக்குரிய எண் 0000955, இதயத்துக்கு 0000948, கல்லீரலுக்கு 0002107. எண்ணில் பொருள் எதுவும் பொதிந்திருக்காது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பெயர் மாறலாம், வரையறை திருத்தப்படலாம், எண் மட்டும் நிலைத்து நிற்கும்.

மறுபாதி உறவுகள். தொடை எலும்பு எலும்பின் ஒரு வகை. அது பின்காலின் பகுதி. பின்கால் கருவில் உள்ள பின்கால் மொட்டிலிருந்து வளர்வது. இப்படி ஒன்றோடொன்று கோத்த கூற்றுகளாக எழுதிவைப்பதால், "பின்காலைச் சேர்ந்த எல்லாவற்றிலும் எந்த ஜீன்கள் இயங்குகின்றன?" என்று கேட்டால், "பின்கால்" என்ற சொல்லே இல்லாத, "தொடை எலும்பு" என்று மட்டும் குறித்த தரவும் விடையில் வந்து சேரும். அகராதியால் இது முடியாது. இந்தக் கூற்றுகளிலிருந்து சொல்லாத முடிவுகளைக் கணித்துத் தருவதற்கு ரீசனர் எனப்படும் தருக்க மென்பொருள்கள் உள்ளன. யூபெரான் போன்ற பெரிய ஆன்டாலஜிகளுக்கு எல்க் என்ற ரீசனர் பெரிதும் பயன்படுகிறது.

ஒவ்வொரு விலங்குக்கும் ஏற்கெனவே ஆன்டாலஜி இருந்ததாமே?

இருந்தது, இப்போதும் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான எஃப்எம்ஏ என்ற ஆன்டாலஜி மனித உடலை மிக நுணுக்கமாக விவரிக்கிறது. வளர்ந்த சுண்டெலிக்கு ஒன்று, வளரும் சுண்டெலிக் கருவுக்கு வேறொன்று, ஜீப்ரா மீனுக்கு ஒன்று, ஜெனோபஸ் தவளைக்கு ஒன்று, டிரோசோஃபிலா பழ ஈக்கு ஒன்று, நூற்புழுவான சி. எலிகன்ஸுக்கு ஒன்று என அந்தந்த விலங்கின் தரவுத்தளத்தை நடத்துவோர் தத்தம் தேவைக்கு உருவாக்கிக்கொண்டார்கள். அந்த விலங்கை நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் எழுதியவை என்பதால் அவை தரமானவையே.

ஒப்பிடவேண்டிய நேரத்தில்தான் சிக்கல் எழுந்தது. மூலக்கூறு அளவில் அந்தச் சிக்கல் முன்பே தீர்க்கப்பட்டிருந்தது: 1998இல் பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகிய மூன்றின் தரவுத்தளங்கள் சேர்ந்து ஜீன் ஆன்டாலஜியைத் தொடங்கியபோது, ஒரு புரதத்தின் பணியை எந்த உயிரியானாலும் ஒரே சொல்லால் குறிப்பது என்று முடிவெடுத்தார்கள். உடற்கூறில் அந்த முடிவை எடுப்பது எளிதாக இல்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைச் சிதைக்கும் நொதி ஈஸ்ட்டிலும் சுண்டெலியிலும் ஒரே வேலையைச் செய்கிறது. ஈயின் காலையும் சுண்டெலியின் காலையும் எந்தப் பொருளில் "ஒன்று" என்பது? யூபெரானைப் பற்றிய முதன்மைக் கட்டுரை 2012இல் வெளியானபோது அதில் 6,500க்கும் மேற்பட்ட கருத்துருக்கள் இருந்தன. எலும்புமீன்கள், இருவாழ்விகள், முதுகெலும்பிகளின் எலும்புக்கூடு ஆகியவற்றுக்கெனத் தனித்தனியாக இருந்த ஆன்டாலஜிகள் பின்னர் அதற்குள் கலக்கப்பட்டன. அந்தப் பணியை விவரிக்கும் கட்டுரை 2014இல் வந்தது.

பெயர் ஒன்றாக இருப்பவற்றைக் கணினியே பொருத்திவிட்டால் போதாதா?

முதலில் எல்லோரும் முயல்வது இதைத்தான். பாதி வேலை அதில் முடிந்துவிடும் என்பதும் உண்மை. மீதிப் பாதியில்தான் அது கவிழ்த்துவிடும்.

டிபியா என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பிகளில் அது முழங்காலுக்குக் கீழே உள்ள ஓர் எலும்பு. பூச்சியியலாருக்கு அது பூச்சிக் காலின் ஒரு கணு. அதில் எலும்பே கிடையாது, புறத்தே கைட்டின் ஓடு, உள்ளே தசை. டிரக்கியாவும் அப்படித்தான்: நமக்கு அது குரல்வளையிலிருந்து நுரையீரலை நோக்கி இறங்கும் ஒற்றைக் குழாய், பூச்சிக்கு உடலெங்கும் கிளைத்து, காற்றை நேராகத் திசுக்களுக்கே கொண்டு சேர்க்கும் குழாய்த் தொகுதி. எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதே என்று இவற்றை இணைத்துவிட்டால், ஈயின் கால் கணுவில் இயங்கும் ஜீன் எலும்பு வளர்ச்சிக்குரியது என்று ஒரு முடிவு எங்கோ ஓர் அட்டவணையில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. நிமிர்ந்து நிற்கும் மனிதனில் "மேற்பெருஞ்சிரை" எனப்படுவது நான்கு கால் விலங்கில் மேலே இருப்பதில்லை, தலைப்பக்கம் இருக்கிறது; எனவே விலங்கு உடற்கூறியலார் அதை "முன்பெருஞ்சிரை" என்கிறார்கள். பெயர் வேறு, பொருள் ஒன்று. யூபெரான் இரண்டையும் ஒரே எண்ணின் கீழ் மாற்றுப் பெயர்களாக வைக்கிறது. சுண்டெலிக்கு இந்தச் சிரை இடம், வலம் என இரண்டு இருக்கின்றன என்பது கூடுதல் செய்தி. "ஒன்றே ஒன்று" என்று வரையறையில் எழுதியிருந்தால் சுண்டெலி வெளியே நின்றிருக்கும்.

மண்டையோட்டு எலும்புகளில் இந்தக் குழப்பம் இன்னும் நுட்பமானது. ஜீப்ரா மீனின் மண்டையில் நெற்றியெலும்பு என்று பெயர்பெற்றது, நான்கு கால் விலங்குகளின் நெற்றியெலும்புக்கு அல்ல, உச்சியெலும்புக்கு ஒத்தது என்று புதைபடிவங்களை வரிசைப்படுத்திப் பார்த்த பல ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பழைய உடற்கூறியலார் மனித மண்டையைப் பார்த்துப் பெயரிட்டு, அதையே மீனுக்கும் நீட்டியதன் விளைவு அது. பெயரை நம்பிப் பொருத்தும் நிரல் இங்கே தவறும். அதைவிடக் கவலைக்குரியது, தவறியதற்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பது.

யூபெரான் தனி விலங்கு ஆன்டாலஜிகளை விழுங்கிவிடுகிறதா?

இல்லை. அவற்றுக்கு மேலே ஒரு பொதுத் தளமாக நிற்கிறது. "சுண்டெலி ஆன்டாலஜியில் உள்ள மூளை என்பது, யூபெரானில் உள்ள மூளையாகவும் சுண்டெலியின் பகுதியாகவும் இருக்கும் ஒன்று" என்பது போன்ற பாலக் கூற்றுகள் தனிக் கோப்புகளில் எழுதப்பட்டிருக்கின்றன. சுண்டெலிக்கே உரிய நுணுக்கங்கள் சுண்டெலி ஆன்டாலஜியிலேயே இருக்கும். ஒப்பிட வேண்டும்போது மேலே ஏறி, மறுபக்கம் இறங்கலாம்.

பித்தப்பை கல்லீரல் மண்டலத்தின் பகுதி என்று இருக்கிறது. அந்த மண்டலத்துக்குப் பித்தப்பை உண்டு என்று ஏன் இல்லை? விடுபட்டுவிட்டதா?

விடுபடவில்லை. வேண்டுமென்றே எழுதாமல் விட்டது. புதிதாக வருபவர்கள் பிழை என்று அடிக்கடி தெரிவிப்பது இதைத்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்லலாம்.

ஆன்டாலஜியில் ஒரு கூற்று எழுதப்பட்டால், அது அந்தக் கருத்துருவின் கீழ் வரும் ஒவ்வொன்றுக்கும், விதிவிலக்கின்றிப் பொருந்த வேண்டும். "ஒவ்வொரு பித்தப்பையும் ஏதோவொரு கல்லீரல், பித்த மண்டலத்தின் பகுதி" என்பது எந்த விலங்கானாலும் உண்மை. அதைத் திருப்பி, "அத்தகைய ஒவ்வொரு மண்டலத்துக்கும் பித்தப்பை உண்டு" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சுண்டெலிக்குப் பித்தப்பை இருக்கிறது, அதன் நெருங்கிய உறவான எலிக்கு இல்லை, குதிரைக்கும் இல்லை. பேச்சு வழக்கில் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே செய்தியின் இரு பக்கங்கள் போலத் தோன்றும். தருக்கத்தில் அவை வெவ்வேறு கூற்றுகள்.

விந்தகத்தையும் பாருங்கள். மனித உடற்கூறு மட்டும் படித்தவர் "விந்தகம் விதைப்பையின் பகுதி" என்று கை நடுங்காமல் எழுதிவிடுவார். யானையின் விந்தகம் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது, பறவைகளுக்கும் அப்படியே. எனவே பொதுக் கருத்துருவில் அந்தக் கூற்றை எழுத முடியாது. "ஆண் இனப்பெருக்க மண்டலத்தின் பகுதி" என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, விதைப்பையில் இருப்பது என்ற செய்தியை அது பொருந்தும் விலங்குகளுக்கு உரிய இடத்தில் எழுத வேண்டும்.

பல விலங்குகளுக்கும் பொதுவான ஆன்டாலஜியை எழுதுவதில் பெரும் உழைப்பு இப்படி நீக்குவதிலேயே போகிறது என்பது என் கருத்து. ஒரு கருத்துருவின் பக்கத்தில் மூன்றே கூற்றுகள் இருப்பதைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மூன்றும் மீனிலிருந்து மனிதன் வரை பொய்க்காதவை என்று சரிபார்க்கப்பட்டவை. பாடநூலில் இருந்த இன்னும் ஏழு கூற்றுகள் ஏதோவொரு விலங்கிடம் தோற்று வெளியேறியிருக்கும்.

ஒரு விலங்கில் இல்லவே இல்லாத உறுப்பை அதற்குக் குறித்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

அதற்குத்தான் இன வரம்புகள். பால் சுரப்பி பாலூட்டிகளில் மட்டுமே உண்டு என்று ஒரு கூற்று இருக்கிறது. யாராவது பழ ஈயின் மாதிரிக்கு அந்த எண்ணை இட்டுவிட்டால், ஈ பாலூட்டி அல்ல என்பது உயிரின வகைப்பாட்டிலிருந்து தெரிவதால், ரீசனர் முரண்பாடு என்று காட்டிவிடும். பெரும்பாலும் அகப்படுவது அறியாமையால் வந்த பிழை அல்ல. விரிதாளில் ஒரு வரி நழுவி, மேலே இருந்த எண் கீழே இறங்கிவிட்டதுதான்.

ஒரே எண் தந்திருக்கிறார்கள் என்றால், அவை அமைப்பு ஒத்த உறுப்புகள் என்று பொருளா?

பொருள் அல்ல. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்த விடையைப் படியுங்கள்.

அமைப்பு ஒத்தவை, செயல் ஒத்தவை என்ற வேறுபாட்டுக்கு ரிச்சர்ட் ஓவன் 1843இல் தெளிவான வடிவம் தந்தார். வடிவமும் வேலையும் எவ்வளவு மாறியிருந்தாலும் வெவ்வேறு விலங்குகளில் "அதே உறுப்பு" என்று சொல்லத்தக்கது அமைப்பு ஒத்தது. வேலை மட்டும் ஒன்றாக இருப்பது செயல் ஒத்தது. பொது மூதாதையிடமிருந்து வந்தது என்ற விளக்கம் டார்வினுக்குப் பின் சேர்ந்தது. வௌவாலின் இறக்கையும் திமிங்கிலத்தின் துடுப்பும் நம் கையும் அமைப்பு ஒத்தவை என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம்.

யூபெரானில் "கண்" என்று ஒரு கருத்துரு இருக்கிறது. அதன் கீழே கேமரா வகைக் கண்ணும் வருகிறது, பூச்சிகளின் கூட்டுக்கண்ணும் வருகிறது. இவை இரண்டும் ஒரே மூதாதைக் கண்ணிலிருந்து வந்தவை என்று அந்த ஆன்டாலஜி சொல்லவில்லை. ஒளியை உணரும் உறுப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். சில கருத்துருக்கள் அமைப்பால் திரட்டப்பட்டவை, சில செயலால், சில வளரும் இடத்தால். நெஞ்சுத் துடுப்பையும் முன்காலையும் ஒன்றாகத் திரட்டும் கருத்துரு பரிணாமவியலார் ஒப்புக்கொள்ளும் உறவோடு பொருந்தியே நிற்கிறது. "கண்" அப்படி அல்ல. வகைப்பாட்டு மரத்தைப் பார்த்து எது எப்படித் திரட்டப்பட்டது என்று ஊகிக்கக் கூடாது. வரையறையைப் படிக்க வேண்டும்.

அமைப்பு ஒத்தவை பற்றிய கூற்றுகள் தேவையென்றால் அவற்றைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் லோசானில் நடத்தப்படும் பிஜீ என்ற ஜீன் வெளிப்பாட்டுத் தரவுத்தளத்தினர், எந்த உறுப்பு எந்த உயிரினக் குழுவின் அளவில் ஒத்தது, அதற்கு என்ன சான்று, எவ்வளவு உறுதி என்ற விவரங்களோடு அவற்றைத் திரட்டி வருகிறார்கள். இப்படிப் பிரித்து வைப்பதே சரி என்று நினைக்கிறேன். ஒத்தது என்பது ஒரு கருதுகோள். நாளை புதிய புதைபடிவம் ஒன்று கிடைத்தால் மாறக்கூடியது. பெயரிடும் சட்டகத்துக்குள்ளேயே அதைப் பதித்துவிட்டால், கருதுகோள் மாறும் ஒவ்வொரு முறையும் எல்லோருடைய தரவும் ஆட்டம் காணும்.

செல் வகைகளும் இதில் அடங்குமா?

அவற்றுக்குச் செல் ஆன்டாலஜி என்று தனியாக ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும். மேலே சொன்ன அதே கவனம் அங்கும் தேவை: பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, பறவை, மீன், தவளை ஆகியவற்றின் சிவப்பணுவில் உண்டு. ஆகவே "உட்கரு அற்றது" என்பதைச் சிவப்பணுவின் வரையறையில் வைக்காமல், உட்கரு உள்ளது, அற்றது என இரண்டு உள்வகைகள் வைத்திருக்கிறார்கள்.

மனித நோய்களை ஆராய்பவருக்கு இதனால் என்ன பயன்?

பாக்ஸ்6 என்ற ஜீனைக் கொண்டு விளக்கலாம். மனிதரில் அதன் இரு படிகளில் ஒன்று பழுதானால் கருவிழிப்படலம் இல்லாமல் போகும் அனிரிடியா என்ற குறைபாடு வருகிறது. சுண்டெலியில் அதே ஜீன் பழுதானால் கண் சிறுத்துவிடும். பழ ஈயில் அதற்கு இணையான ஜீனின் பெயரே "கண்ணற்றது". 1995இல் வால்ட்டர் கெரிங்கின் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலியின் இந்த ஜீனை ஈயின் வேறு உறுப்புகளில் இயக்கியபோது அங்கே கண்கள் முளைத்தன. முளைத்தவை சுண்டெலிக் கண்கள் அல்ல, ஈயின் கூட்டுக்கண்கள்.

இப்போது ஒரு நோயாளியின் மரபுத்தொகுதியைப் படித்து, ஐயத்துக்குரிய ஜீன்கள் நூறு கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் பலவற்றுக்கு மனிதரில் எந்த நோயும் இதுவரை தொடர்புபடுத்தப்படவில்லை. ஆனால் சுண்டெலியிலோ ஜீப்ரா மீனிலோ யாரோ அவற்றைச் செயலிழக்கச் செய்து, விளைவைப் பதிவு செய்திருக்கிறார்கள். மனிதப் புறத்தோற்ற ஆன்டாலஜியில் உள்ள "சிறுத்த கண்" என்ற பண்பும் சுண்டெலிப் புறத்தோற்ற ஆன்டாலஜியில் உள்ள அதே பண்பும் தத்தம் போக்கில் எழுதப்பட்டவை. இரண்டையும் "அளவு குறைந்திருத்தல்" என்ற பண்பு, "கண்" என்ற உறுப்பு எனப் பிரித்து, உறுப்பைப் பொது ஆன்டாலஜியின் எண்ணால் குறித்தால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நெருக்கத்தைக் கணக்கிட முடிகிறது. இந்த வழி மனித நோய்களை விலங்கு மாதிரிகளோடு இணைக்கும் என்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அரிய நோய்களுக்கான ஜீனைத் தேடும் எக்ஸோமைசர் போன்ற மென்பொருள்கள் இன்று இந்த ஒப்பீட்டைப் பயன்படுத்துகின்றன. இங்கே கண்கள் அமைப்பு ஒத்தவையா என்ற கேள்விக்கு விடை தெரியாமலேயே வேலை நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

என் மாதிரிக்கு எந்த எண்ணை இடுவது?

உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த அளவில் மிக நுண்ணியதை. கல்லீரலின் இடது மடலிலிருந்து எடுத்ததாகக் குறிப்பேட்டில் இருந்தால் அந்த மடலுக்குரிய எண்ணை இடுங்கள். "கல்லீரல்" என்று மட்டும் இருந்தால் கல்லீரலோடு நில்லுங்கள். வழக்கமாக இடது மடலில்தானே எடுப்போம் என்று ஊகித்து இறங்க வேண்டாம். பொதுவான எண்ணை இட்டால் தகவல் கொஞ்சம் குறையும்; ஊகித்து இட்டால் பொய்த் தகவல் சேரும்.

நோய், வயது, பால், வளர்ச்சிக் கட்டம் ஆகியவற்றை உறுப்பின் எண்ணுக்குள் திணிக்க முயல வேண்டாம். அவற்றுக்கு மாதிரிப் பட்டியலில் தனிப் பத்திகள் உண்டு. கல்லீரல் புற்றுக்கட்டி என்றால் உறுப்பு கல்லீரல், நோய் வேறு பத்தியில். தட்டில் வளர்த்த செல்கள், ஆர்கனாய்டுகள் (ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும், உறுப்பைப் போன்ற சிறு செல் திரள்கள்) ஆகியவற்றுக்கு உறுப்பின் எண்ணை இடும்போது, இது உடலிலிருந்து நேராக எடுத்தது அல்ல என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூளை ஆர்கனாய்டு ஒன்று முழு மூளையாக எண்ணப்பட்டுவிடும்.

நான் தேடும் உறுப்பு அதில் இல்லையே?

முதலில் மாற்றுப் பெயர்களில் தேடுங்கள். ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் ஆன்டாலஜி தேடுதளம் அவற்றையும் சேர்த்தே தேடும். அப்போதும் இல்லையென்றால், யூபெரான் கிட்ஹப் என்ற இணையதளத்தில் திறந்த முறையில் பராமரிக்கப்படுவதால், அங்கே புதிய கருத்துருவைக் கோரலாம். பெயர், ஒரே வாக்கியத்தில் வரையறை, எதன் வகை, எதன் பகுதி, எந்த விலங்குகளில் உண்டு, சான்றுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றோடு சென்றால் வேலை விரைவாக முடியும். வரையறையை "மனிதரில்..." என்று தொடங்கிவிட்டு, பொதுக் கருத்துரு வேண்டும் என்று கேட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

எங்கே இது போதாமல் இருக்கிறது?

முதுகெலும்பிகளுக்கு இது செழிப்பானது. மற்ற விலங்குகளுக்கு மேலோட்டமானது. கணவாய், நட்சத்திர மீன், மண்புழு ஆகியவற்றை ஆய்பவர்கள் பொதுவான சில எண்களோடு திருப்தி அடைய வேண்டியிருக்கும், அல்லது தமக்கென ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எல்லை தெளிவில்லாத உறுப்புகள் இன்னொரு தொல்லை. தொடை எலும்பு எங்கே முடிகிறது என்பதில் சண்டை இல்லை. மூளைப் புறணியின் ஒரு பகுதி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதில் வரைபடத்துக்கு வரைபடம் கோடு மாறும். 1909இல் கோர்பினியன் ப்ராட்மான் புறணியை எண்ணிட்டுப் பிரித்தபோது, மனிதரோடு வேறு பாலூட்டிகளுக்கும் வரைபடம் தந்தார். அவற்றில் ஒரே எண் இரு விலங்குகளில் எப்போதும் ஒத்த பகுதியைக் குறிப்பதில்லை. அந்த எண்களை இன்றும் அப்படியே மாதிரிப் பட்டியலில் எழுதுகிறார்கள். எந்த விலங்கின் எந்த வரைபடத்தின்படி என்பதையும் சேர்த்து எழுதாத எண்ணை யூபெரானின் எண்ணாக மாற்ற எவராலும் முடியாது.

பழைய எண்கள் நீக்கப்பட்டால் என் தரவு என்ன ஆகும்?

எண்கள் அழிக்கப்படுவதில்லை, வேறொன்றுக்கு மறுபடி தரப்படுவதும் இல்லை. தவறு என்று தெரிந்த கருத்துரு "வழக்கொழிந்தது" என்று குறிக்கப்படும். அதற்கு ஈடாக எதைப் பயன்படுத்தலாம் என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஈடு ஒன்றே ஒன்று என்றால் நிரலே மாற்றிவிடலாம். கருத்துரு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், உங்கள் மாதிரி இரண்டில் எதைச் சேர்ந்தது என்பதை ஒருவர் குறிப்பேட்டைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே தரவோடு எண்ணை மட்டும் சேமிக்காமல், எண், பெயர், ஆன்டாலஜி வெளியீட்டின் தேதி ஆகிய மூன்றையும் சேமியுங்கள்.